முறைப்பாட்டை முடித்துவைப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

வீதிப் பள்ளங்களையும் எரியாத விளக்குகளையும் கைத்தொலைபேசி வழியாகவே உரிய இடத்துக்கு அறிவிக்கலாம் என்று கடந்த இதழின் பதில் ஒன்றில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலானவை வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்தவை. பாதிக்கு மேல் கோபத்தோடு எழுதப்பட்டவை. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வாரங்களாக வீதி விளக்கு எரியவில்லை. வடிகான் மூடி ஒன்றும் உடைந்து கிடக்கிறது. இலண்டனில் இருக்கும் என் மகன், "அம்மா, இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் முறையிடலாம், கொழும்பில் ஏன் முடியாது?" என்று கேட்கிறான். நான் எங்கே முறையிடுவது? – வாசகி, வெள்ளவத்தை

மகன் சொல்வது அநேகமாக ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற இணையத்தளமாக இருக்க வேண்டும். மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 2007இல் அதைத் தொடங்கியது. வரைபடத்தில் கோளாறு உள்ள இடத்தைத் தொட்டு, அது பள்ளமா, விளக்கா, குப்பையா என்று தெரிவுசெய்து, இரண்டு வரி எழுதி, படம் ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் போதும். அந்த இடம் எந்தச் சபையின் எல்லைக்குள் வருகிறது, அந்த வகைக் கோளாறு யாருடைய பொறுப்பு என்பதைத் தளமே கண்டுபிடித்து உரியவர்களுக்கு அனுப்பிவிடும். தொலைபேசி வழியாக இதே வேலையைச் செய்வது 311 என்ற இலக்கம். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரம் 1996இலேயே அதை அவசரமல்லாத பொலிஸ் அழைப்புகளுக்காகத் தொடங்கிவிட்டது. நியூயோர்க் 2003இல் அதே இலக்கத்தை நகரச் சேவைகளுக்குக் கொண்டுவந்தது. இவற்றிலெல்லாம் கெட்டித்தனம் கைத்தொலைபேசித் திரையில் இல்லை. எந்த அடி நிலம் யாருடைய பொறுப்பு என்ற கணக்கை யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து போட்டு, திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அதுதான் விடயம்.

கொழும்பில் அந்தக் கணக்கை நாமே மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஒழுங்கையின் விளக்கும் வடிகான் மூடியும் மாநகர சபைக்கு உரியவை. விளக்கு தொங்கும் கம்பத்தைப் பார்த்துவிட்டு மின்சார சபையின் 1987ஐ அழைப்பவர்கள் பலர். ஆனால் அந்த இலக்கம் வீட்டு மின்தடைக்கும் அறுந்து தொங்கும் மின்கம்பிக்கும் உரியது. மின்தடை பற்றி அறிவிக்கும்போது பட்டியலில் உள்ள பத்து இலக்கக் கணக்கெண்ணைக் கேட்பார்கள், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீதியைப் பிளந்துகொண்டு குடிநீர் பீறிட்டால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939. ஒழுங்கை முடிந்து காலி வீதியில் கால் வைத்ததும் பொறுப்பு மாறிவிடுகிறது. அது ஏ2 நெடுஞ்சாலை என்பதால் அதன் பள்ளங்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் தலையில். கால்வாயில் சல்வீனியா என்ற நீர்க்களையும் போத்தல்களும் அடைத்துக்கொண்டால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். நீங்கள் தொடர்மாடியில் குடியிருப்பவராயின், வெளிவாசலுக்கு உள்ளே உள்ள விளக்கும் குழாயும் இவர்களில் எவருக்கும் உரியவையல்ல, உங்கள் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு உரியவை. இன்னும் ஒன்று: காலி வீதியில் தெற்கே நடந்துகொண்டே போனால், கடைகளின் வரிசையும் மனிதர்களின் பேச்சும் மாறாமல் இருக்கும்போதே மாநகர சபை மாறிவிடும். தெஹிவளையில் உள்ள அக்காவின் வீட்டு வாசல் குப்பைக்கு கொழும்பு மாநகர சபையிடம் முறையிட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று எழுதியிருக்கும் இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில். எவருடைய பொறுப்பு என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919ஐ அழைத்துக் கேளுங்கள்.

இடத்தைக் கண்டுகொண்ட பிறகு என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "எங்கள் வீதி படுமோசமாக இருக்கிறது, தயவுசெய்து கவனிக்கவும்" என்ற வாக்கியத்தை வாசிக்கும் எழுதுவினைஞர் எந்த வாகனத்தை எங்கே அனுப்புவார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒழுங்கையின் கடற்பக்க முனையிலிருந்து மூன்றாவது மின்கம்பத்தின் அடியில் வடிகான் மூடி உடைந்து, ஏறத்தாழ இரண்டடி நீளத்துக்குத் திறந்திருக்கிறது. பாலர் பாடசாலை வாசலுக்கும் அதற்கும் இடையே பத்தடி தூரமே உள்ளது. கடந்த திங்கட்கிழமை முதல் இந்நிலை." கடற்பக்கம், காலி வீதிப் பக்கம் என்று நாம் வாயால் சொல்லும் வழியே எழுத்திலும் மிகத் தெளிவானது. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் பிளஸ் கோட் என்ற குறியீடு ஏறத்தாழ பதினான்கு மீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைக் குறிக்கும். ஒரே பெயரில் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஒழுங்கைகள் இருக்கும் இந்நகரத்தில் அது மிகவும் உதவும். விளக்கையும் மூடியையும் ஒரே முறைப்பாட்டில் எழுதாதீர்கள். விளக்கு எரிந்த அன்றே இரண்டும் முடிந்ததாகக் கோவை மூடப்படும்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குப்பை மேட்டின் படங்களை நாள்தோறும் அதில் போடுகிறோம். மாநகர சபை உறுப்பினர் ஒருவரும் குழுவில் இருக்கிறார். ஆனாலும் ஒன்றும் நடப்பதில்லையே? – வாசகர், கொட்டாஞ்சேனை

நடக்காது. குழுவில் போடும் படத்துக்கு இலக்கம் கிடையாது. இலக்கம் இல்லாத முறைப்பாடு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் ஏறாத ஒன்றைத் தாமதித்ததாக எவரையும் கேட்க முடியாது. காலையில் நீங்கள் போட்ட குப்பைப் படம், பத்து மணிக்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் கோயில் திருவிழா அறிவித்தலுக்கும் மேலே எங்கோ போய்விடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கைத்தொலைபேசியில் இருப்பிடச் சேவை இயங்கும்போது எடுக்கும் படத்துக்குள், எடுத்த நேரமும் இடமும் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்பட்டு, அந்தத் தகவல்கள் நீக்கப்பட்டுவிடுகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவை அப்படியே போய்ச் சேரும். முறைப்பாடுகளை வாட்ஸ்அப் இலக்கம் ஒன்றில் பெற்றுக்கொள்ளும் அலுவலகத்துக்கு அனுப்பும்போது இதை நினைவில் வையுங்கள்.

உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்பதற்கு உறுப்பினரே இல்லாமல் இருந்தோம். இப்போது இருக்கிறார், ஆகவே அவருக்கு உரிய வேலையைக் கொடுங்கள். படத்துக்குப் பதிலாக முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அனுப்பி, இதன் நிலை என்ன என்று கேளுங்கள். "பார்க்கிறேன்" என்று பொதுப்படச் சொல்லிவிட்டு நகர்வது அப்போது அவருக்கும் அவ்வளவு எளிதாக இருக்காது.

தமிழில் முறையிட்டால் கவனிப்பார்களா? மின்னஞ்சலில் தமிழில் எழுதினேன், "தெளிவாக இல்லை" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. – ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி

உரிமை பற்றிச் சந்தேகம் வேண்டாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் தமிழும் அரசகரும மொழி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் நீங்கள் அதிகாரி ஒருவருக்குத் தமிழில் எழுதலாம். எழுதிய மொழியிலேயே பதிலைப் பெறவும் உரித்துடையவர்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியைப் படித்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. "இருபது வருடங்களாகப் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாமினி எழுத்துரு உங்கள் கணினியில் தமிழாகத் தோன்றுமே தவிர, உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், உங்கள் அழகான கடிதம் பூனை விசைப்பலகையில் நடந்தது போன்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்த அதிகாரி உண்மையிலேயே ஒன்றும் விளங்காமல் அப்படிப் பதில் எழுதியிருக்கக்கூடும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் எழுதி மீண்டும் அனுப்புங்கள். பாமினி விசைப்பலகைப் பழக்கத்தை மாற்றாமலே யூனிகோடில் தட்டச்சு செய்யும் வசதி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பத்து நிமிடத்தில் நிறுவித் தருவார்கள். அதன் பிறகும் ஆங்கிலத்திலேயே பதில் வந்தால், அப்போது நான்காம் அத்தியாயத்தை எடுத்துக்காட்டி எழுதுவோம்.

மொழி விடயத்தில் என் மனக்குறை வேறு. இப்படியான செயலிகளில் முகப்பு மும்மொழியிலும் மினுங்கும். கோளாறின் வகையைத் தெரிவுசெய்யும் பட்டியலைத் திறந்தால் அங்கே தமிழ் தள்ளாடத் தொடங்கும். பட்டியலை மொழிபெயர்ப்பவர் ஒருநாளாவது வீதியில் இறங்கி, மக்கள் கானை என்னவென்று சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்த அவலம் நேராது.

பக்கத்துக் காணி வெறுமையாகக் கிடக்கிறது. மழைக்கு நீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. உரிமையாளர் செல்வாக்குள்ளவர். என் பெயர் வெளிவராமல் முறையிட முடியுமா? – பெயர் வெளியிட விரும்பாதவர், கொழும்பு 13

இரண்டு வகை வெளிப்பாட்டைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் பெயர் அலுவலகத்துக்குத் தெரிவது ஒன்று. ஊருக்குத் தெரிவது இன்னொன்று. நான் மேலே சொன்ன பிரித்தானியத் தளத்தில் முறைப்பாடு எல்லோரும் காணும்படி வரைபடத்தில் நிற்கும். ஆனால் முறையிட்டவர் விரும்பினால் பெயரை மறைத்துக்கொள்ளலாம், சபைக்கு மட்டுமே அது தெரியும். நம்மூரில் ஏதாவது ஒரு செயலியைப் பயன்படுத்துமுன் இந்த வசதி உண்டா என்று பாருங்கள். படத்திலும் கவனம் வேண்டும்: உங்கள் மொட்டைமாடியிலிருந்து கீழ்நோக்கி எடுத்த படம், பெயரை எழுதாமலே உங்கள் பெயரைச் சொல்லிவிடும். வீதியில் நின்று எடுங்கள்.

உங்கள் விடயத்தில் செயலியை விட நேர்வழி ஒன்று இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடைச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகும் நிலைமை தம் காணியில் உருவாகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை. உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் அவர் தமது வழமையான சோதனையின் போக்கில் அந்தக் காணிக்குள்ளும் போவார். யார் சொன்னார் என்ற கேள்வி எழ வேண்டிய அவசியமில்லை. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகியதை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

முறைப்பாடு செய்தேன், இலக்கமும் வந்தது. ஐந்தாம் நாள் "முடிவுறுத்தப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. பள்ளம் அப்படியே இருக்கிறது. இனி என்ன செய்வது? – வாசகர், கிருலப்பனை

இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டிருக்கிறேன். எங்கள் வீதி முனையில் வடிகான் மூடி ஒன்று உடைந்தபோது, அதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு அறிவித்து, கிடைத்த இலக்கத்தை நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஒரு வாரத்தில் அதே குறுஞ்செய்தி எனக்கும் வந்தது. மகிழ்ச்சியோடு போய்ப் பார்த்தால், உடைந்த வாய்க்குள் ஒரு மரக்கிளை செருகப்பட்டு, அதன் நுனியில் சிவப்புப் பொலித்தீன் பை ஒன்று கட்டப்பட்டிருந்தது. அவர்கள் கணக்கில் ஆபத்து அடையாளமிடப்பட்டுவிட்டது. ஆகவே முறைப்பாடு முடிந்துவிட்டது. கிளையின் இலைகள் காய்ந்து உதிரும்வரை அந்தப் பை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு முறைப்பாட்டு ஏற்பாட்டை எடைபோட நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? வேலை செய்ய வேண்டியவரே முடிந்ததாகக் குறிக்கலாம் என்றால், பச்சைக் குறிகள் பெருகும், பள்ளங்கள் குறையா. மேலதிகாரி பார்ப்பது "நூற்றுக்கு இத்தனை முறைப்பாடுகள் தீர்க்கப்பட்டன" என்ற எண்ணைத்தான். அந்த எண்ணை உயர்த்துவதற்குத் தார் தேவையில்லை, ஒரு சொடுக்கு போதும். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் நான்கு வாரங்கள் கழித்து முறையிட்டவருக்கே மின்னஞ்சல் அனுப்பி, கோளாறு சரிசெய்யப்பட்டதா என்று கேட்கிறது. அவர் "இல்லை" என்று பதில் சொன்னால், அந்த "இல்லை"யும் எல்லோரும் பார்க்கும்படி பக்கத்தில் நிற்கிறது. மினுங்கும் வரைபடத்தை விட இந்தச் சிறு கேள்வியைத்தான் நாம் இரவல் வாங்க வேண்டும்.

உங்களுக்கு உடனடியாகச் செய்யக்கூடியது: புதிய முறைப்பாடு செய்யாதீர்கள். செய்தால் பழையது வெற்றிகரமாக முடிந்ததாகவே பதிவில் நின்றுவிடும், நாட்கணக்கும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பழைய இலக்கத்தையே குறிப்பிட்டு, முதற்படம் எடுத்த அதே இடத்தில் நின்று எடுத்த இரண்டாவது படத்தையும் இணைத்து, "முடிவுறுத்தப்பட்டதாக அறிவித்த திகதியில் எந்த வேலையும் நடைபெறவில்லை; முறைப்பாட்டை மீளத் திறக்கவும்" என்று எழுத்தில் கேளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, "ஏன் செய்யவில்லை" என்று கேட்காமல், பதிவேட்டில் இருக்கக்கூடியவற்றைக் கேளுங்கள்: இன்ன இலக்கமுடைய முறைப்பாடு எந்தத் திகதியில், எந்த அலுவலரின் குறிப்பின் பேரில் முடிவுறுத்தப்பட்டது, அங்கு செய்யப்பட்ட வேலை என்ன, ஒப்பந்தகாரருக்குக் கொடுப்பனவு செய்யப்பட்டதா, எவ்வளவு. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தராவிட்டாலோ மறுத்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஒரு பள்ளத்துக்கு இவ்வளவா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொடுப்பனவு பற்றிய கேள்வி மேசைக்கு வந்த பிறகு சில பள்ளங்கள் அதிசயமாக மூடிக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நாங்கள் சில இளைஞர்கள் கணினித் துறையில் இருக்கிறோம். கொழும்புக்கு நாங்களே ஒரு தளத்தை உருவாக்கினால் என்ன? – வாசகர், தெமட்டகொடை

உருவாக்குவது கடினமன்று. ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்டின் மென்பொருள், எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாகவே கிடைக்கிறது. கென்யாவில் 2007 டிசெம்பர்த் தேர்தலைத் தொடர்ந்து நிகழ்ந்த வன்முறையின்போது, 2008இல் பிறந்த, மக்கள் அனுப்பும் தகவல்களை வரைபடத்தில் குறிக்கும் உஷாஹிடி என்ற மென்பொருளும் அவ்வாறே. மறுமுனையில் முறைப்பாட்டைப் பெற்றுப் பதிவேட்டில் ஏற்ற ஓர் அலுவலர் சம்மதித்திருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். அவர் இல்லாவிட்டால் நீங்கள் கட்டுவது இன்னொரு வாட்ஸ்அப் குழு. முழு நகரத்தையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரு வட்டாரத்தில், ஒரே வகைக் கோளாற்றோடு தொடங்குங்கள்.

பொஸ்டன் நகரத்தின் அனுபவத்தையும் படித்துவையுங்கள். வாகனம் குலுங்குவதைக் கைத்தொலைபேசியே உணர்ந்து பள்ளத்தை அறிவிக்கும் ஸ்ட்ரீட் பம்ப் என்ற செயலியை அங்கே கொண்டுவந்தார்கள். கைத்தொலைபேசியும் வாகனமும் அதிகமுள்ள வசதியான பகுதிகளின் பள்ளங்களே கூடுதலாகப் பதிவாகும், ஏழைப் பகுதிகள் வரைபடத்தில் வழவழப்பாகத் தெரியும் என்ற சிக்கல் விரைவிலேயே புரிந்தது. உங்கள் தளத்தில் கறுவாத்தோட்டத்திலிருந்து நாற்பது முறைப்பாடுகளும் முகத்துவாரத்திலிருந்து இரண்டும் வந்தால், முகத்துவாரத்தில் கான்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன என்று எண்ணிவிடாதீர்கள்.

என் தாயார் தனியாக வசிக்கிறார். ஸ்மார்ட் போன் பழக்கமில்லை. அவர் எப்படி முறையிடுவது? – வாசகி, மட்டக்குளி

தொலைபேசியில் சொல்லலாம், சொல்லி முடித்ததும் இலக்கத்தையும், பேசியவரின் பெயரையும், நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதைவிட நல்லது பழைய முறை: ஒரே கடிதத்தை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றைக் கையளித்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குவது. இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம், பற்றரி இறங்கிவிடும் என்ற பயமும் இல்லை. முத்திரையில் திகதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதை மட்டும் கருமபீடத்தை விட்டு நகருமுன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மை காய்ந்த முத்திரைகளில் முதலில் மறைவது திகதிதான்.